நாலு பேர் பசி

"ஒங்கட வீட்டுல சோறு தின்றது ஒரு தொழில் மாதிரி ஈக்குது, மர்ளியா."

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் பகல் ஃபஸ்லான் அப்படிச் சொன்னான். கட்டிலில் மல்லாந்து, வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, கரைக்கு இழுத்துவிட்ட தோணி மாதிரிக் கிடந்தான்.

"ஏன், எங்கட உம்மாட சமையல் சரியில்லையா?"

"சரியில்லாட்டித் தப்பியிருப்பேனே. எங்கட வீட்டுல நானும் உம்மாவும் மட்டும். ரெண்டு பீங்கான் தட்டு. அவ அடுப்படியில, நான் வாசல்ல. பத்து நிமிசத்துல முடிஞ்சிடும். இங்க என்னடா எண்டா, கை வெச்சா எடுக்க வழியில்ல. நான் எடுக்கப் போனா ஒங்கட வாப்பா பாக்கிறார். அவர் பாக்காத நேரம் எடுக்கப் போனா, ஒங்கட உம்மா பின்னால நிண்டு போடுறா."

மர்ளியா தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "ஒரு மாசத்துல பழகிடும், போங்க."

பழகித்தான் போயிற்று. வில்லங்கமே அதுதான். ஒன்பது வருசத்துக்கு முன் எலுவன்குளத்திலிருந்து அலவாங்குக் கம்பி மாதிரி நிமிர்ந்து வந்த மனிதன், இன்று செருப்பு மாட்டக் குனிந்தால் மூச்சு வாங்குகிறான். அன்றைக்குத் தான் சிரித்த சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் மர்ளியாவுக்குத் தன் வாயில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

கற்பிட்டியில் அவர்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேர்வான். அப்படி வந்தவனுக்கு ஹாசிம் ஹாஜியாரின் வீட்டில் கிழக்குப் பக்க அறையும், பகல் சஹனில் ஓர் இடமும் கிடைத்தன. வண்டிச் சில்லு அகலத்தில் ஒரு தட்டம். நடுவில் குவித்த சோறு. சுற்றிலும் ஆணமும் பொரியலும் சம்பலும். அதைச் சூழ்ந்து உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவது. ஊரில் மற்ற வீடுகளில் கல்யாணத்துக்கும் நோன்புக்கும்தான் சஹன் விரிப்பார்கள். ஹாஜியார் வீட்டில் தினமும் பகலுக்குச் சஹன்தான். மூன்று படகும் ஒரு கருவாட்டு வாடியும் வைத்திருக்கிற மனிதர். பிள்ளைகள் எந்த வேலையில் எந்தத் திசையில் நின்றாலும் நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஹாஜியார், மூத்த மகன் றஸ்மி, இளையவன் அஸ்ஹான், மருமகன் ஃபஸ்லான். நாலு பேர்.

சஹனுக்கென்று எழுதாத சட்டம் உண்டு. பெரியவர் கையெடுக்கும் வரை மற்றவர்கள் கையெடுக்கக் கூடாது. தன் முன்னால் உள்ளதை மிச்சம் வைக்கக் கூடாது. ஒருவன் கை சும்மா இருந்தால் மற்றவனுக்குச் சோறு இறங்காது. ஆகவே கை சும்மா இருக்கவும் கூடாது. இதெல்லாம் அரை மணி நேரத்தில் எழும்புகிற மனிதர் என்றால் பரவாயில்லை. ஹாஜியாரோ ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில் ஒரு கதை சொல்கிறவர். முந்தலில் இறால் பண்ணைக்காரன் ஒருவன் அவரை ஏமாற்றப் போய்த் தானே ஏமாந்த கதை, நடுக்கடலில் எஞ்சின் நின்ற கதை, பெண் பார்க்கப் போன வீட்டில் உட்கார்ந்த கதிரை உடைந்த கதை. கதை நீள நீளக் கைகள் தம்பாட்டுக்குச் சோற்றுக்கும் வாய்க்கும் போய்வரும். பின்னால் மர்ளியாவின் உம்மா சித்தி லெய்லா கரண்டியோடு நிற்பாள். எந்தப் பக்கத்தில் தட்டத்தின் வெள்ளை தெரிகிறதோ அந்தப் பக்கத்தில் அடுத்த கரண்டி விழும்.

றஸ்மிக்கும் அஸ்ஹானுக்கும் அது உடம்பில் ஒட்டவில்லை. விடிய எழும்பி வலை இழுக்கிற உடம்புகள். ஃபஸ்லான் இறங்குதுறைப் பக்கம் படகு எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருந்தான். நாள் முழுக்கக் குந்தியிருந்து செய்கிற வேலை. தின்றதெல்லாம் அவனிடமே தங்கிவிட்டது.

ஏழு மாதத்துக்கு முன் ஒருநாள், சூடான புகைக்குழாய் அவன் இடது பாதத்தில் பட்டது. அவனுக்குத் தெரியவில்லை. ஏதோ கருகுகிற வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தானாம். வீட்டுக்கு வந்து அதை ஒரு பகிடி மாதிரிச் சொன்னான். மர்ளியா சிரிக்கவில்லை. ஃபஸ்லானின் வாப்பா மௌத்தாகி அடக்கப்பட்டபோது அவருக்கு ஒரு கால்தான் இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சீனி. அதுவும் சும்மா சீனியில்லை, உச்சியில் ஏறி நிற்கிற சீனி. டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, மூன்று மாதம் தருகிறேன், சோற்றைப் பாதியாக்கு, இறங்காவிட்டால் ஊசிதான், அந்தக் காலைப் பற்றி நான் இப்போது ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லாமல் விட்டதுதான் மர்ளியாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அது இறங்கவில்லை. இன்னும் இரண்டு புள்ளி ஏறியிருந்தது.

அன்றைக்கு ஊசிக்குத் துண்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் டயனா மிஸ்ஸி, சிலாபத்துக்காரி, தலை நிமிராமலே கேட்டாள்.

"தங்கச்சி, இவர் வீட்டுல எத்தினை பேரோட இருந்து சாப்பிடுவார்?"

"நாலு பேர், மிஸ்ஸி. ஒரே சஹன்ல."

"அப்ப சரி. நாலு பேர்ட பசி இவர் ஒராள்ட வயித்துல. எங்கட வீட்டுல பெருநாளுக்குச் சொந்தக்காரர் வந்தா நானும் ரெண்டு மடங்குதான். தனியா இருந்தா ஒரு துண்டு பாணோட முடிஞ்சிடும். ஆளைக் குறை சொல்லாதீங்க. இடத்தை மாத்துங்க."

ஃபஸ்லான் வெட்கப்பட்டுச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இடத்தை மாற்றுவது எவ்வளவு சுகமான வேலை என்று மர்ளியாவுக்கு முதல் வாரம் தோன்றியது. அவசரமாக ஒரு எஞ்சின் வந்திருக்கிறது, அவருக்கு வர நேரமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு, தானே சோற்றைக் கட்டிக் கடைக்குக் கொண்டுபோனாள். எண்ணெய் வாடைக்குள், தகரக் கூரைக்குக் கீழ், இரண்டு பேரும் ஒரு பழைய பெட்டியின் மேல் உட்கார்ந்தார்கள். அவன் பாதி சாப்பிட்டான். மூடியை மூடினான்.

"போதும் புள்ள. வயிறு நெறஞ்சிட்டுது."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். நடிப்பு இல்லை. உண்மையாகவே நிறைந்துவிட்டது. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அதே மனிதன், அதே உம்மாவின் கை ஆணம், வீட்டில் தின்பதில் பாதி. அவளும்கூட அங்கே குறைவாகத்தான் சாப்பிட்டாள். குறைவாகச் சாப்பிட்டதே தெரியவில்லை. கொஞ்சம் கடலைப் பற்றிக் கதைத்தார்கள், கொஞ்சம் ஒன்றும் கதைக்காமல் இருந்தார்கள். கல்யாணம் முடிந்து ஒன்பது வருசத்தில் தாங்கள் இரண்டு பேரும் மட்டும் உட்கார்ந்து பகல் சோறு தின்றது அந்த மூன்று நாள்தான் என்பது வீட்டுக்குத் திரும்பி வரும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பெண்கள் அடுப்படியில் பிறகு சாப்பிடுகிற வீடு அது.

நாலாம் நாள் பகல் அவள் கட்டிக்கொண்டு புறப்படும்போது, ஹாஜியார் சஹனின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். கை கழுவியிருந்தார். சோற்றைத் தொடவில்லை. மணி இரண்டரை.

"மருமகன் வரட்டும்" என்றார். "அந்த எஞ்சின் என்ன, கப்பல் எஞ்சினா? மூணு நாளா முடியல்லையா?"

"வாப்பா, நீங்க தின்னுங்க. அவருக்கு நேரம் போகும்."

"எனக்குப் பசியில்ல மகள்."

வயிறு கத்துவது வாசல் வரை கேட்டது. றஸ்மியும் அஸ்ஹானும் சுவரில் சாய்ந்துகொண்டு, பட்டினி போடப்பட்ட பூனைகள் மாதிரி அவளைப் பார்த்தார்கள். கடைக்குச் சோறு போவது அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு எத்தனையோ செய்து பார்த்தாள். சிவப்பரிசி போடலாம் என்றாள். "மருமகனுக்குச் சிவப்பரிசி குடுத்தா ஊரு என்ன சொல்லும்? ஹாஜியார் வீட்டுல பஞ்சம் எண்டு சொல்லும்" என்றாள் உம்மா. அவர் பக்கத்தில் கொஞ்சமாகக் குவியுங்கள் என்றாள். குவித்தது என்னவோ கொஞ்சம்தான். சஹனில் சோறு ஓரிடத்தில் நிற்குமா? றஸ்மி நல்ல மீன் துண்டாகப் பார்த்து மச்சானின் பக்கம் தள்ளுவான். மச்சான் அதற்கு மரியாதையாக இரண்டு கவளம் கூடுதலாகத் தின்பான். டொக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார் உம்மா என்று நேராகவே சொன்னாள்.

"சீனி இல்லாத மனுசன் யாரு இந்த ஊருல? ஒங்கட வாப்பாவுக்கும் ஈக்குது. மனுசன் நல்லாத்தானே ஈக்கார்" என்றாள் சித்தி லெய்லா. "நான் ஒண்டும் கவனிக்காம இல்ல. மருமகன்ட தேத்தண்ணிக்கு இப்ப சீனி போடுறதே இல்ல, தெரியுமா? பனங்கட்டிதான்."

மர்ளியா சுவரைப் பார்த்து மூச்சை விட்டாள்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வசனம். இவருக்குத் தனிப் பீங்கானில் சோறு வையுங்கள். அவ்வளவுதான். குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். துணி காயப்போடும்போது சொல்லிப் பார்த்தாள். உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் உப்புப் போத்தலைக் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

காரணம் இருந்தது. மர்ளியா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அவளுடைய சாச்சாவும், வாப்பாவின் சொந்தத் தம்பி, இதே சஹனில்தான் சாப்பிட்டார். ஏதோ வலை விசயத்தில் மனஸ்தாபம். ஒருநாள் பகல் வந்து உட்காராமல் வாசலில் நின்றபடி, "மச்சி, எனக்கு ஒரு பீங்கான்ல போட்டுத் தாங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாற்பது நாள் போகவில்லை, முற்றத்தின் குறுக்கே மதில் எழும்பிவிட்டது. இன்று வரைக்கும் அந்த மதில் அங்கே நிற்கிறது. அந்த வீட்டில் யாராவது உறவை அறுத்துக்கொண்டு போனால், அவன் பிரிந்துவிட்டான் என்று சொல்வதில்லை. பீங்கான் கேட்டுட்டான் என்றுதான் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட சொல்லை எந்த வாயால் கேட்பது?

அதனால் அவள் ஃபஸ்லானைப் பிடித்து உலுக்கினாள். "எழும்ப வேணாம். யாரும் எழும்பச் சொல்லல்ல. பத்துக் கவளத்தோட கையை மடியில வெச்சிட்டு வாப்பாட கதையைக் கேட்டுட்டு இருங்க. அவ்வளவுதான்."

"சரி" என்றான் ஃபஸ்லான். பாவம், எதற்கும் சரி என்கிற மனிதன்.

போன திங்கட்கிழமை அவன் அதைச் செய்துகாட்டினான். அடுப்படிக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு மர்ளியா எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. ஃபஸ்லான் விரல்களை நக்கிவிட்டுக் கையை முழங்காலில் வைத்தான். அவளுக்குக் கைதட்டலாம் போலிருந்தது.

ஹாஜியார் அந்த நேரம் எஞ்சின் நின்ற கதையில் இருந்தார். எஞ்சின் நின்றது, கதையும் நின்றது. மருமகனின் கையைப் பார்த்தார். தன் கையையும் எடுத்தார். றஸ்மி எடுத்தான். அஸ்ஹான் வாயில் இருந்ததை மெல்லாமல் விழுங்கிவிட்டு எடுத்தான். நடுவில் அரைவாசிச் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஆணம் உப்புக் கூடிப்போச்சா மருமகன்?" என்றாள் சித்தி லெய்லா.

"இல்ல மாமி. நல்லா ஈக்குது. வயிறு..."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார் ஹாஜியார்.

"இல்ல மாமா!"

"சொல்லாம ஒரு ஆம்புள கையெடுக்க மாட்டான்" என்றார் ஹாஜியார், சஹனுக்குச் சொல்வது போல.

அன்று பின்னேரமே றஸ்மி கடைக்குப் போய்விட்டான். திருத்தி வைத்த எஞ்சினின் மேல் உட்கார்ந்து, தலையைச் சொறிந்து, "மச்சான், மனசுல ஏதாவது ஈந்தா என்னட்டச் சொல்லுங்க. நான் மாடி கட்டுறது ஒங்களுக்கு ஒரு மாதிரி ஈக்குதோ?" என்றானாம். ஃபஸ்லானுக்கு றஸ்மி மாடி கட்டுவது நினைவிலேயே இல்லை. இல்லை என்று சத்தியம் செய்தான். சத்தியம் செய்யச் செய்ய றஸ்மிக்குச் சந்தேகம் உறுதியாகியது.

வீட்டில் உம்மா அலுமாரிக்கு முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். "மூத்தவனுக்கு மாடி. சின்னவனுக்குப் புதுப் படகு. மருமகனுக்கு என்னத்தச் செஞ்சோம்? ஒண்டுமில்ல. அந்த மனுசன் வாய் திறந்து கேக்காத மனுசன். சோத்தைக் குறைச்சுக் காட்டுறார்."

"உம்மா, டொக்டர் குறைக்கச் சொன்னார்! அவருக்குக் காலுல உணர்வு இல்ல உம்மா!"

"நீ ஒன்ட புருசனுக்குத்தான் பேசுவாய். அது நல்லம். ஆனா என்னட்ட மறைக்காத."

மர்ளியாவுக்கு அழுகை வரவில்லை. அதைவிட மோசமானது ஒன்று வந்தது. பானையைத் தூக்கி முற்றத்தில் அடிக்கலாமா என்று வந்தது. உண்மையைச் சொன்னால் மறைக்கிறாய் என்கிறார்கள். பத்துக் கவளம் தின்றால் கோபம் என்கிறார்கள். இந்த வீட்டில் ஒரு மனிதன் தன் வயிற்றைப் பற்றிச் சொன்னால் அது வயிற்றைப் பற்றியது என்று யாரும் ஏன் நம்ப மாட்டார்கள்?

செவ்வாய், புதன் இரண்டு நாளும் சமையல் தடல்புடலாக நடந்தது. கணவாய்ப் பிரட்டல், பொரித்த கோழி, மாசிச் சம்பல். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே சமாதானம் பேசினார்கள், கரண்டி கரண்டியாக. ஃபஸ்லானோ, தனக்குக் கோபமில்லை என்று காட்டுவதற்கு வேறு வழி தெரியாமல், முன்பு தின்றதைவிடக் கூடுதலாகத் தின்றான். புதன் அன்று மர்ளியா பதினெட்டு வரை எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டாள்.

வியாழன் காலை, அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுகிற அஸ்ஹான் வந்து அவள் காதில் போட்டான். "தாத்தா, விசயம் தெரியுமா? எத்தாளைக் காணியை மச்சானுக்கு எழுதப் போறாராம் வாப்பா. வெங்காயம் போடுற காணி. நாளைக்கு ஜும்மா முடிஞ்சு சொல்லப் போறார். உம்மா வட்டலப்பத்துக்கு முட்டை எடுக்கச் சொல்லிட்டா."

"என்னத்துக்குடா காணி?"

"கோவம் தீர."

பத்துக் கவளத்தோடு கையெடுத்ததற்கு ஒன்றரை ஏக்கர். மர்ளியா தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஃபஸ்லான் கடைக்குப் புறப்படுகிற நேரம். அவள் அவனை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கு வாப்பா காணி தரப் போறார். நீங்க அதுக்கு முதல் சொல்லிடுங்க. எனக்குக் காணி வேணாம், ஒரு பீங்கான்தான் வேணும் எண்டு சொல்லுங்க."

ஃபஸ்லான் சாத்திய கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "என்ன கதை கதைக்கிறாய்? வீட்டுக்கு வந்த மருமகன் நான். பீங்கான் கேக்கிற எண்டா என்னெண்டு ஒனக்குத் தெரியாதா? ஒங்கட வாப்பாட நெஞ்சு வெடிச்சிடும்."

"ஒங்கட கால் போனா?"

"போகாது."

"ஒங்கட வாப்பாவும் அப்படித்தானே சொல்லியிருப்பார்!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஃபஸ்லான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து செருப்பை மாட்டினான். இடது காலில் செருப்பு சரியாக மாட்டவில்லை. வார் மடிந்து விரலுக்கு அடியில் போயிருந்தது. அது அவனுக்குத் தெரியவில்லை. எழும்பி அப்படியே நடக்கப் போனான். மர்ளியா குனிந்து அவன் காலைத் தூக்கி வாரை எடுத்துவிட்டாள்.

"நீ சொல்லேன்" என்றான் அவன் மெல்ல. "நீ மகள். நீ கேட்டா அது வேற."

"நான் கேட்டா உம்மா என்னோட கதைக்க மாட்டா. சாச்சி மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இருவது வருசமா எங்கட உம்மாவோட கதைக்கல்ல, தெரியுமா ஒங்களுக்கு?"

"அப்ப விடு."

"எப்படி விடுற?"

"எனக்குத் தெரியாது மர்ளியா. எனக்கு அவங்களப் பிடிக்கும். அதுதான் கரைச்சல். எங்கட வீட்டுல சோறு தின்னக்குள்ள ஒரு சத்தமும் ஈக்காது. இங்க அந்தச் சிரிப்பு, அந்தக் கதை... நான் சோத்துக்காகவா கை வைக்கிறேன்? அவங்களோட இரிக்கத்தான் வைக்கிறேன். சோறு அதோட சேர்ந்து போகுது."

அவன் போய்விட்டான். மர்ளியா அந்தக் கட்டிலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் மேல் கோபம், உம்மா மேல் கோபம், ஊர் வழக்கத்தின் மேல் கோபம். எல்லாவற்றையும் விட, நாலு மாதமாக ஒரு வசனத்தை வாய்க்குள் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிற தன் மேல்தான் கோபம்.

வெள்ளிக்கிழமை.

நெய்ச்சோற்றின் மணம் பள்ளிவாசல் மூலை வரை போயிருக்கும். ஜும்மா முடிந்து நாலு பேரும் வெள்ளை உடுப்போடு வந்து தரையில் விரித்த வெள்ளைச் சீலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சித்தி லெய்லா சஹனைத் தூக்கி வந்தாள். நெய்ச்சோறு, இறைச்சியாணம், பொரித்த கோழி, கத்தரிக்காய்ப் பச்சடி. இனிப்புக்கு வட்டலப்பம் மூடியோடு ஒரு பக்கத்தில் காத்திருந்தது. மர்ளியா தண்ணீர்ச் சொம்போடு அடுப்படி வாசலில் நின்றாள்.

"பிஸ்மி" சொல்லிக் கை வைத்தார்கள். முதல் கவளம் வாய்க்குப் போனதும் ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"மருமகன். எத்தாளைக் காணி இனி ஒங்கட. நான் பேசிட்டேன். வாற கிழமை எழுதுவோம்."

ஃபஸ்லானின் கை சோற்றுக்குள் நின்றது. "மாமா... எனக்கு என்னத்துக்கு?"

"என்னத்துக்கு எண்டு கேக்கிற அளவுக்கு நாங்க ஒங்கள வெச்சிட்டம். அது எங்கட பிழை."

"எனக்கு ஒரு கோவமும் இல்ல மாமா. அல்லாஹ் அறிய இல்ல."

"கோவம் இல்லாத மனுசன் திங்கக்கிழமை தின்ட மாதிரியா தின்பான்?" என்றான் றஸ்மி. "குருவி வந்து கொத்திட்டுப் போன மாதிரி. மச்சான், எனக்கு அண்டைக்கு முழுக்கச் சோறு செமிக்கல்ல."

"அவனுக்குச் செமிக்காதது ஒங்களால இல்ல மச்சான், பின்னேரம் தின்ட பரோட்டாவால" என்றான் அஸ்ஹான். எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜியாரும் சிரித்தார். ஆனால் அவர் கண் மருமகனின் முகத்திலேயே இருந்தது. எழுபது வயது மனிதர்; ஒரு சின்னப் பிள்ளை பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மர்ளியா அதைப் பார்த்தாள். ஃபஸ்லானும் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தான். பிறகு, தெரிந்த ஒன்றைச் செய்தான். தன் முன்னால் இருந்த சோற்றை அள்ளி அள்ளித் தின்றான். ஒன்று, இரண்டு, மூன்று, மெல்லக்கூட இல்லை. தட்டத்தின் அடி தெரிந்ததும் தலையைத் திருப்பி, பின்னால் நின்ற மாமியைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமி, இந்தப் பக்கம் இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."

சித்தி லெய்லாவின் முகம் பெருநாள் பிறை கண்ட மாதிரி மலர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! பாத்தீங்களா, நான் சொன்னேன்தானே!" கரண்டி இரண்டு முறை இறங்கியது. மூன்றாம் முறையும் இறங்கியது. ஹாஜியார் கதிரை உடைந்த கதையை ஆரம்பித்தார். றஸ்மி கோழியின் நல்ல துண்டு ஒன்றை மச்சானின் பக்கம் தள்ளினான். எல்லோருக்கும் அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசத்தின் நடுவில், மடித்து வைத்த காலில் ஓர் உணர்வும் இல்லாமல், அவளுடைய புருசன் தின்றுகொண்டிருந்தான்.

அன்பு இப்படியும் ஒருவனைக் கொல்லுமா? கொல்லும். சிரித்துக்கொண்டே கொல்லும். கொன்ற பிறகு அழுதுகொண்டே கபுறுக்குத் தூக்கிப் போகும். வந்தவர்களுக்கெல்லாம் சஹன் விரிக்கும்.

மர்ளியா சொம்பைத் தரையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் கூடிப்போயிற்று. கதை நின்றது. அவள் சீலையின் ஓரம் வரை போனாள்.

"வாப்பா."

"என்ன மகள்? தண்ணி ஈக்குது இங்க."

"தண்ணி இல்ல வாப்பா. எனக்கு ஒண்டு வேணும். நாலு மாசமாக் கேக்கணும் எண்டு ஈக்கன்."

"அதுதான் காணியத் தந்தாச்சே" என்றான் றஸ்மி.

"நானா, வாயை மூடுங்க." தன் அண்ணனிடம் அவள் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. றஸ்மியின் வாய் தானாக மூடிக்கொண்டது. ஃபஸ்லான் அவளை நிமிர்ந்து பார்த்தான். வேண்டாம் என்று தலை அசைந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது.

"மகள், சோத்துக்கு முன்னால நிண்டு என்ன கதை? பிறகு பேசுவோம், வா" என்று உம்மா அவள் கையைப் பிடித்தாள். மர்ளியா கையை உதறவில்லை. உம்மாவின் விரல்களைத் தானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெய் ஒட்டிய விரல்கள், வழுக்கின.

"பிறகு பேச ஏலாது உம்மா. பிறகு பேசிப் பேசித்தான் இவ்வளவு தூரம் வந்தது." குரல் உடைந்தது. உடைந்தால் உடையட்டும் என்று அவள் வாப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"வாப்பா, நாளையிலிருந்து இவருக்குத் தனிப் பீங்கான்ல சோறு வைக்கணும். எனக்கும் ஒரு பீங்கான், இவருக்குப் பக்கத்துல. கோவம் இல்ல வாப்பா, வீட்டை விட்டுப் போகவும் இல்ல. இங்கதான், ஒங்கட சீலையிலதான் இரிப்போம். நாங்க தின்னு முடிச்சாலும் எழும்ப மாட்டோம், ஒங்கட கதை முடியும் வரைக்கும் கேட்டுட்டு இரிப்போம். எங்களுக்கு ரெண்டு பீங்கான் தாங்க."